தலைக்கணக்கும் பாடவேளைக் கணக்கும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்கென்று தனி மரியாதை உண்டு. அன்றைய நிலவரப்படி ஒரு பள்ளியில் எத்தனை மாணவர் பெயர் இருக்கிறதோ, அதைக் கொண்டுதான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று தீர்மானிக்கிறார்கள். இதற்குப் பணியாளர் நிர்ணயம் என்று பெயர். கணக்குக்கு மேல் இருக்கும் இடங்கள் உபரி. அதிலும் 'ஆசிரியருடன் உபரி', 'ஆசிரியரின்றி உபரி' என்று இரு வகை. முதல் வகையில் ஆளைப் பணிநிரவல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். இரண்டாம் வகையில் காலி இடம் இயக்குநரின் பொதுத்தொகுப்புக்குப் போய்விடும்.

ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக ஆடாது. ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, எல்லாம் சேர்த்து நூறு பேர்கூட இல்லாத உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பத்துப் பேர்தான் எல்லாம். அங்கே யார் படிக்கிறார்கள், யார் கற்பிக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் தவறானது என்பதே என் வாதம்.

சிறிய உயர்நிலைப் பள்ளிகள் ஓரளவுக்குக் கொள்கையின் பிள்ளைகள். 2009-இல் தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டம், ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்க வேண்டும் என்றது. நூற்றுக்கணக்கான நடுநிலைப் பள்ளிகள் தரம் உயர்ந்தன. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளைத் தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரித்துவிட்டு, மேலே ஒன்பதையும் பத்தையும் சேர்த்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிடும் பெண் பிள்ளைகளுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரியது. ஆனால் ஒரு பெரிய பள்ளிக்கு நாலு திசையிலிருந்தும் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் மூன்று, நான்கு பள்ளிகளுக்குப் பிரிந்ததால், ஒவ்வொன்றும் பிறக்கும்போதே சிறிதாகப் பிறந்தது. ஊருக்கு வந்த உயர்நிலைப் பள்ளியை எந்த ஊரும் விட்டுக்கொடுக்காது. நிலம் கொடுத்தவர்களும் பங்குத் தொகை வசூலித்தவர்களும் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

மறுபக்கம் பிள்ளைகளே குறைகிறார்கள். மக்கள்தொகையை நிலைநிறுத்தப் பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். தமிழ்நாடு அந்த அளவுக்கு இறங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் மாநிலத்தின் எண் 1.8. நாட்டின் சராசரி 2.0. 2011 கணக்கெடுப்பிலேயே மாநில மக்களில் ஆறு வயது வரை உள்ளோர் ஏறத்தாழ 10.3 விழுக்காடுதான். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் பத்தாம் வகுப்பை எட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வரும் வரிசை இன்னும் மெலிந்தது.

நீலகிரியில் இது சற்று முன்னதாகவே தெரிந்தது. 2001-இல் 7,62,141 ஆக இருந்த அம்மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை சரிந்த ஒரே தமிழ்நாட்டு மாவட்டம் அதுதான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தொடங்கப்பட்ட, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில், முதல் தலைமுறை கொழுந்து பறித்தது. அடுத்த தலைமுறை கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டது. தோட்டத்துக் குடியிருப்புகளில் மிஞ்சுவது தாத்தா பாட்டியும் சில பிள்ளைகளும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைக்கு யானை பயம் வேறு. சாலையில் யானை நின்றால் அன்று முதல் பாடவேளை அவ்வளவுதான்.

பிறப்பு குறைந்தது மட்டும் காரணம் என்று சொன்னால் பாதி உண்மைதான். காலை ஏழரை மணிக்கு ஊர் முக்கில் வந்து நிற்கும் தனியார் பள்ளி வேன் மறுபாதி. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், அரசே கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் சேர்த்த பிள்ளைகளும் அந்த வேனில் உண்டு. ஒரே வீட்டில் பையன் வேனிலும் பொண்ணு இலவசப் பேருந்து அட்டையிலும் போவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். கொரோனா காலத்தில் இது கொஞ்சம் தலைகீழானது. கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் 2020, 2021-இல் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். வருமானம் திரும்பியதும் பலர் திரும்பிப் போனார்கள். அந்த ஈராண்டு எண்ணிக்கையை நிலையான வளர்ச்சி என்று நம்பியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

ஆக, சிறிய பள்ளியின் மாணவர் பட்டியல் ஊரின் குறுக்குவெட்டாக இருப்பதில்லை. வேனுக்கு வழியில்லாதவர்கள், வேனுக்கு அனுப்பத் தேவையில்லை என்று வீட்டில் முடிவு செய்யப்பட்ட பெண் பிள்ளைகள், அப்பா திருப்பூரிலும் அம்மா நூறு நாள் வேலையிலுமாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் வளர்பவர்கள். சாதி வாரியாகப் பார்த்தால் பட்டியல் சாதியினரின் பங்கு ஊர்ப் பங்கைவிட அதிகமாக இருப்பது வழக்கம். ஊரில் வசதி கொஞ்சம் கூடிய சாதி முதலில் வெளியேறும், அடுத்த சாதி அதைப் பார்த்து வெளியேறும். இப்படிப் பத்து ஆண்டுகளில் ஒரு பொதுப் பள்ளி 'காலனிப் பள்ளி' என்று பேர் வாங்கிவிடுகிறது. பேர் வாங்கிய பிறகு ஆசிரியர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் சேர்க்கை நகராது. இதைத் தலைமையாசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். எந்தச் சுற்றறிக்கையும் பேசாது.

பிள்ளைகள் உள்ளே வருவதற்கு இரண்டு வாசல்கள். ஐந்தாம் வகுப்பு முடித்துத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஒரு கூட்டம். எட்டு முடித்து நடுநிலைப் பள்ளிகளிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு இன்னொன்று. அதனால் ஆறு, ஏழு, எட்டில் பதினைந்து பதினைந்தாக இருந்துவிட்டு ஒன்பதில் முப்பது ஆகும். எட்டு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால், ஒன்பதாம் வகுப்பில் பகு எண், பின்னம் தெரியாத பிள்ளையும் இயற்கணிதத்துக்குத் தயாரான பிள்ளையும் ஒரே பெஞ்சில். ஆறாம் வகுப்பு வாசலில் வேறொரு சங்கதி: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இதுவரை ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஒரு கோடை விடுமுறை கழித்து உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளை, காலைச் சாப்பாட்டைப் பழைய பள்ளியில் விட்டுவிட்டு வருகிறது. முதல் இடைவேளைக்குள் தலை கிறுகிறுக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தெரியாத ஆசிரியர் குறைவு.

இழுக்கும் கயிறுகளும் இல்லாமல் இல்லை. மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. தொடக்கத்தில் இரண்டுக்கும் அடிப்படை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு இவை கைகொடுக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஈர்ப்பு பெரும்பாலும் டவுனில் உள்ள மேல்நிலைப் பள்ளிக்குத்தான் போய்ச் சேரும். பன்னிரண்டு வரை ஒரே இடத்தில் படிக்கலாம் என்றால், பத்தோடு முடியும் பள்ளியை யார் தேடி வருவார்கள்?

இனி ஆசிரியர் பக்கம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. கூடவே அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் குறைந்தது இருக்க வேண்டும். ஒன்பது, பத்துக்கு 40-க்கு ஒருவர் என்ற பழைய கணக்கு. சிறிய உயர்நிலைப் பள்ளியில் இந்த வகுத்தல் கணக்குக்கு வேலையே இல்லை. அங்கே தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், மேலே ஒரு தலைமையாசிரியர். இதற்குக் கீழே போகக் கூடாது என்று வைத்த தரைதான் இது. நடைமுறையில் அதுவே கூரையும் ஆகிவிட்டது.

ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். 92 மாணவர், ஐந்து வகுப்பு, ஐந்து பட்டதாரி ஆசிரியர். வகுத்தால் ஓர் ஆசிரியருக்குப் பதினெட்டுப் பேர். தொலைக்காட்சி விவாதத்தில் 'பதினெட்டுப் பேருக்கு ஒரு வாத்தியார், அதிலும் இவ்வளவு சம்பளம்' என்று சொல்ல வசதியான எண். இப்போது அதே பள்ளியின் பாட அட்டவணையை எடுப்போம். நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு நாற்பது. முக்கியப் பாடம் ஒவ்வொன்றுக்கும் வகுப்புக்கு வாரம் ஏழு பாடவேளை என்று வைத்தால், கணக்கு ஆசிரியருக்கு ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 35. மிஞ்சுவது வாரத்துக்கு ஐந்து பாடவேளை, அதாவது நாளுக்கு ஒன்று. ஐந்து வகுப்பு நோட்டுகளைத் திருத்துவதும் பாடக்குறிப்பு எழுதுவதும் அதற்குள்தான்.

600 பேர் படிக்கும் பெரிய உயர்நிலைப் பள்ளியையும் பார்ப்போம். வகுப்புக்கு மூன்று பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர், மொத்தம் பதினைந்து பிரிவு. 40-க்கு ஒருவர் கணக்கில் பதினைந்து ஆசிரியர், பாடத்துக்கு மூன்று பேர். கணக்குப் பாடத்துக்கு வாரம் 105 பாடவேளை, மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 35. தாளில் பதினெட்டும் நாற்பதுமாக மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நேரம் இரண்டு பள்ளியிலும் ஒன்றே. பெரிய பள்ளி ஆசிரியருக்குத் திருத்த வேண்டிய நோட்டு அதிகம், அது உண்மை. ஆனால் அவர் மூன்று பிரிவுக்கு ஒரே பாடத்தைத் தயாரித்து மூன்று முறை நடத்தலாம். சிறிய பள்ளி ஆசிரியர் ஒவ்வொரு நாளும் ஐந்து வகுப்புக்கு ஐந்து தனித்தனிப் பாடம் தயாரிக்க வேண்டும்.

பெரிய வித்தியாசம் விடுப்பில் தெரியும். மூவரில் ஒருவர் இல்லாவிட்டால் மற்ற இருவர் பத்தாம் வகுப்பையாவது பகிர்ந்துகொள்வார்கள். ஒருவரே உள்ள பள்ளியில் அவர் போனால் பாடமே போய்விட்டது. 2021-இல் அரசு ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தினார்கள். நியாயமான உயர்வு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பன்னிரண்டு மாதமும் அறிவியல் வகுப்பை யார் எடுப்பது என்பதற்கு மட்டும் நிரந்தர ஏற்பாடு கிடையாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியரை வாரம் இரண்டு நாள் மாற்றுப்பணியில் அனுப்புவார்கள். அந்த இரண்டு நாளும் அவர் பள்ளியில் அவர் பாடம் நின்றுபோகும். அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகம் சில ஆயிரம் திரட்டி, உள்ளூரில் பி.எட். முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணை அழைத்துவரும். தேர்தல் பணி, பயிற்சி வகுப்பு, வாக்குச்சாவடி அலுவலர் வேலை என்று போகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

2022-இல் அரசே இந்த வழியைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப உத்தரவு வந்தது. அவற்றில் 5,154 பட்டதாரி ஆசிரியர் இடங்கள். அந்த இடங்களுக்கு முதலில் அறிவித்த மாதச் சம்பளம் 10,000 ரூபாய். உயர் நீதிமன்றம் வரை விஷயம் போனது, பிறகு சம்பளம் உயர்ந்தது. நகரத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் அந்தச் சம்பளத்துக்கும் ஆள் கிடைக்கும். ஏற்காட்டுக்கோ ஜவ்வாது மலைக்கோ பேருந்துக் கட்டணம் போக எவ்வளவு மிஞ்சும்?

அறிவியல் ஆசிரியரின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாவரவியலோ விலங்கியலோ படித்து வந்தவர், பத்தாம் வகுப்பு இயற்பியலும் வேதியியலும் எடுப்பார். பெரிய பள்ளியில் 'நீங்க ஒளியியல் எடுங்க, நான் மரபியல் எடுக்கிறேன்' என்று மாற்றிக்கொள்ளலாம். இங்கே மாற்றிக்கொள்ள ஆளில்லை. செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண். ஆய்வக உதவியாளர் இருந்தால், அவர் பெரும்பாலும் அலுவலகக் கணினி முன்னால் இருப்பார்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய ஆங்கிலவழிப் பிரிவு, சிறிய பள்ளிக்கு வந்தபோது விநோதமான உருவம் எடுத்தது. வேனோடு போட்டி போட ஆங்கிலவழி வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள்; கிடைத்தது. கூடுதல் ஆசிரியர் கிடைக்கவில்லை. ஏழாம் வகுப்பில் இருபது பேர், அதில் பதினொரு பேர் ஆங்கிலவழி, ஒன்பது பேர் தமிழ்வழி என்றால், இரு பிரிவுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். 'ஒளிச்சேர்க்கை' என்று கரும்பலகையின் இடப்பக்கம் எழுதிவிட்டு, வலப்பக்கம் 'போட்டோசிந்தசிஸ்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுவார். விளக்கம் தமிழில் ஒரே முறை, நோட்டு இரண்டு மொழியில், தேர்வுத்தாள் இரண்டு. நாற்பது நிமிடத்தில் பதிலெழுதிப் போடுவதற்கே பாதி நேரம் போய்விடும். அரசின் தரவில் மட்டும் இரண்டு பயிற்றுமொழிகளும் தனித்தனிப் பிரிவுகளாக நிம்மதியாக இருக்கும்.

ஓவியம், தையல், கணினி, உடற்கல்விக்கு வந்தால் நூறு என்ற எண் சுவர்போல நிற்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி, சேர்க்கை நூறைத் தாண்டினால்தான் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள். அதன்படி 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். பலமுறை உயர்ந்தும் அந்தச் சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக ஆகவில்லை. பலர் விலகிப் போன இடங்கள் அப்படியே கிடக்கின்றன. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத தகராறில் மத்திய அரசு 2024-25-இல் நிறுத்தி வைத்த 2,152 கோடி ரூபாய், இவர்களின் சம்பளத்துக்குப் பணம் வரும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கானதுதான். நூறுக்குக் கீழே உள்ள பள்ளிக்கு இந்தக் கவலையும் இல்லை. அங்கே பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவது சமூக அறிவியல் ஆசிரியர்.

தலைமையாசிரியர்தான் சம்பளம் வழங்கும் அலுவலரும். களஞ்சியம் செயலியில் சம்பளப் பட்டியல், எமிஸ் தளத்தில் வருகை, விலையில்லாப் பொருட்களின் கணக்கு, மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மானம். ஆயிரம் பேர் பள்ளியில் எத்தனை படிவமோ, 92 பேர் பள்ளியிலும் அத்தனை படிவம். அங்கே இளநிலை உதவியாளர் இடம் காலியாக இருந்தால், படிவங்களை நிரப்புவது யாரோ ஒரு பாட ஆசிரியர். தலைமையாசிரியர் இடமே காலியாக இருந்தால், பாட ஆசிரியரில் மூத்தவர் பொறுப்பு, ஐந்து நாலாகிவிடும். பதவி உயர்வுகள் ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்குகளில் சிக்கிய பிறகு இது அடிக்கடி நடக்கிறது. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம், பணியில் இருப்போரும் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டில் அத்தேர்வில் தேற வேண்டும் என்றது. பாடத்துக்கு ஒருவரே உள்ள பள்ளிகள் இந்தத் தீர்ப்பைக் கூடுதல் கவனத்தோடு படித்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு மே மாதம் தேர்ச்சி விழுக்காடு வரும். பத்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லோரும் தேறினால் நூறு விழுக்காடு, ஆட்சியர் கையால் கேடயம். ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்துவிட்டால் 91.7, மாவட்டச் சராசரிக்குக் கீழே போனால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. சிறிய எண்ணிக்கை எப்போதுமே இப்படித்தான் இரண்டு ஓரங்களுக்கும் தாவும். நூறு விழுக்காட்டுப் பட்டியலிலும் மோசமான பட்டியலிலும் சிறிய பள்ளிகளே நிறைய இருப்பதற்குப் பாதிக் காரணம் புள்ளியியல்தான். கேடயமும் குறிப்பாணையும் அந்தப் பங்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 1 கணக்கின் இன்னொரு விளைவு, பெயரை நீக்கத் தயங்குவது. மூன்று மாதமாக வராத பிள்ளையின் பெயரை எடுத்தால் எண்ணிக்கை குறையும். வைத்திருந்தால் 'திரும்ப அழைத்துவர முயற்சி நடக்கிறது' என்று சொல்லலாம், அதுவும் பொய்யல்ல. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித் தேர்வை 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதவில்லை என்ற செய்தி வந்தபோது, நீண்ட நாள் வராதவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஆசிரியர் பணியிடம் தலைக்கணக்கில் தொங்கும் வரை, இந்தப் பெயர்களைக் குறைத்துக் காட்ட யாருக்கும் மனம் வராது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஒடிசாவிலிருந்து திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குப் பெற்றோரோடு வரும் பிள்ளைகள், மழை தொடங்குமுன் ஊர் திரும்பிவிடுவார்கள். பள்ளி அவர்களைச் சேர்த்துக் கற்பித்திருந்தாலும் ஆகஸ்டில் அவர்கள் கணக்கில் இல்லை.

ஜப்பானில் கிராமங்கள் நம்மைவிட ஒரு தலைமுறை முன்னால் முதுமையடைந்தன. அங்கே தொலைதூரப் பள்ளிகளுக்கென்று தனிச் சட்டம் 1954-இலேயே வந்தது. 1958-இன் ஆசிரியர் எண்ணிக்கைச் சட்டம் பணியிடத்தை மாணவர் தலையிலிருந்து நேரடியாக எண்ணாமல், வகுப்புகளின் எண்ணிக்கையிலிருந்து எண்ணுகிறது. வகுப்பு குறைந்த பள்ளிக்குப் பெருக்கும் எண் அதிகம். ஜப்பானும் ஆயிரக்கணக்கில் பள்ளிகளை மூடியிருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் திறந்திருக்கும் வரை அந்தப் பள்ளியை முழுப் பள்ளியாக நடத்துவதற்கான கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

இங்கே எண்ணிக்கை குறைந்ததும் எழும் முதல் யோசனை இணைப்பு. பக்கத்துப் பள்ளியோடு சேர்த்து, பிள்ளைகளுக்குப் பேருந்து விட்டால் போயிற்று என்பார்கள். சமவெளியில் மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பள்ளி இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். பாடத்துக்கு இரண்டு ஆசிரியர் கிடைப்பது சின்ன லாபமில்லை. மலையிலும், பேருந்து மாலை ஐந்துக்குப் பிறகு இல்லாத ஊரிலும் கணக்கு வேறு. அங்கே பள்ளியின் தூரம் கூடினால் முதலில் நிற்பது ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை. ஐந்து கிலோமீட்டர் விதி வந்ததே அவளுக்காகத்தான்.

வேறொரு வழிக்குப் புதிய பணியிடம்கூடத் தேவையில்லை. ஆகஸ்ட் கணக்கில் ஆசிரியரின்றி உபரியாகிப் பொதுத்தொகுப்புக்குப் போகும் இடங்களை அங்கே அனுப்பாமல், ஒன்றியத்துக்குப் பாடத்துக்கு ஒருவர் என்று விடுப்பு இருப்பு ஆசிரியராக வைக்கலாம். மகப்பேறு விடுப்பும் நீண்ட மருத்துவ விடுப்பும் வரும் பள்ளிக்கு அவர் போவார். விடுப்பு இல்லாத மாதங்களில், ஒற்றை ஆசிரியர் உள்ள பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் அடிப்படை தெரியாத பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துக் கற்பிப்பார். நிதித் துறை இதை ஏற்கத் தயங்கும் காரணமும் தெரிந்ததே: பொதுத்தொகுப்பில் கிடக்கும் இடத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.